30×60 என்று எழுதியிருந்தால் என்ன அர்த்தம்? பைனாகுலர் விளம்பரத்தைப் பிரித்து வாசித்தல்

"30×60. எச்.டி. தெளிவு. இரவிலும் பார்க்கலாம். ரூபி கோட்டிங். ராணுவத் தரம். 126மீ/1000மீ. உள்ளங்கையில் அடங்கும்."

இணையக் கடையில் பைனாகுலர் என்று தேடினால் இப்படி ஒன்று கட்டாயம் கண்ணில் படும். இதில் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் துணுக்கு ஒன்று உண்டு: யாரும் கவனிக்காத அந்த 126மீ/1000மீ. ஆயிரம் மீட்டர் தொலைவில் 126 மீட்டர் அகலம் தெரியும் என்பது அதன் பொருள். ஆயிரம் மீட்டரில் ஒரு டிகிரி என்பது சுமார் 17.5 மீட்டர். ஆக 126 மீட்டர் என்றால் 7.2 டிகிரி. கண்ணை வைத்துப் பார்க்கும்போது தெரியும் வட்டத்தின் அகலம், தோராயமாக இந்த 7.2ஐ உருப்பெருக்கத்தால், அதாவது 30×60இன் முதல் எண்ணால், பெருக்கினால் வரும். 7.2 × 30 = 216 டிகிரி. காதைத் தாண்டி முதுகுப் பக்கமும் தெரிந்தால்தான் அது நடக்கும்! சாதாரண நல்ல பைனாகுலரில் அந்த வட்டம் 50 முதல் 65 டிகிரி வரை இருக்கும். 65ஐ 7.2ஆல் வகுத்துப் பாருங்கள், 9 வருகிறது. ஆகவே 7.2 டிகிரி உண்மையென்றால் அந்தக் கருவி எட்டு, ஒன்பது மடங்குக்கு மேல் பெரிதாக்காது. 30 உண்மையென்றால் 7.2 பொய்.

முன் லென்ஸின் விட்டத்தைச் சொல்லும் 60க்கு இவ்வளவு கணக்குகூட வேண்டாம். நம் இரு கண்களுக்கு இடையே சராசரியாக 63, 64 மில்லிமீட்டர்தான் இடைவெளி. நேர்க்குழாய் பைனாகுலரில் இரண்டு முன் லென்ஸ்களும் 60 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அவை ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட கருவி மடங்கிச் சட்டைப்பைக்குள் போகாது. பெட்டி வந்ததும் ஸ்கேலை வைத்து அளந்தால் 30 மி.மீ. வந்தாலே பெரிது.

எச்.டி., தெளிவு, தரம் போன்ற அடைமொழிகளை யாரும் அளக்க முடியாது. எண்களை ஒன்றோடொன்று மோதவிட்டுச் சரிபார்க்கலாம். அதோடு, விளம்பரம் எழுதுகிறவர் தன் சரக்கில் இருக்கும் நல்ல அம்சத்தைச் சொல்லாமல் விடவே மாட்டார். அதனால் ஒரு விலைப்பட்டியலில் இருக்கவேண்டிய சொல் இல்லையென்றால், பொருளும் உள்ளே இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கீழே வருவதெல்லாம் இந்த இரண்டு வழிகளின் விரிவுதான்.

முதலில் 8×42 என்ற இரட்டை எண். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸின் விட்டம் 42 மி.மீ. 42ஐ 8ஆல் வகுத்தால் 5.25. கருவியை வெளிச்சமான வானத்துக்கு நேராகக் கை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கண்ணை வைக்கும் பக்கத்து லென்ஸில், அதாவது கண் லென்ஸில், சிறிய ஒளிவட்டம் மிதப்பதுபோல் தெரியும். அந்த வட்டத்தின் விட்டம்தான் 5.25 மி.மீ. நம் கண்மணி நல்ல வெயிலில் இரண்டு மூன்று மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். இருட்டில் இளைஞர்களுக்கு 7 வரை விரியும், ஐம்பதைத் தாண்டிய பலருக்கு 5ஐத் தொடுவதே கடினம். ஒளிவட்டம் கண்மணியைவிடப் பெரிதாக இருந்தால் மிச்ச ஒளி வீண். சிறிதாக இருந்தால் காட்சி மங்கும். கோடியக்கரை உப்பளத்தில் நடுப்பகலில் உள்ளான்களைப் பார்க்க 3.1 மி.மீ. ஒளிவட்டம் தரும் 8×25ம் போதும், வெளிச்சத்தில் குறை தெரியாது. அதையே விடிகாலையில் ஒரு சோலைக்காட்டுக்குள் கொண்டுபோனால் 8×42 எதற்கு என்பது புரியும். 20×50 தருவது வெறும் 2.5. அதில் இருபது மடங்கு கை நடுக்கமும் சேர்த்துக் கிடைக்கும். பத்துக்கு மேல் போனால் முக்காலி வேண்டும்.

தூரக் கணக்குச் சொல்லும் விளம்பரங்களும் உண்டு: "5 கிலோமீட்டர் வரை தெரியும்." வெறுங்கண்ணுக்கு நிலா 3,84,000 கிலோமீட்டரில் தெரிகிறது. எவ்வளவு தூரம் தெரியும் என்பது பைனாகுலரின் குணமே அல்ல. எட்டு மடங்கு என்றால் 800 மீட்டரில் இருப்பது 100 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும், அவ்வளவுதான்.

கொஞ்சம் மரியாதையான பட்டியல்களில் ட்வைலைட் ஃபேக்டர் என்று ஓர் எண் வரும். மங்கல் வெளிச்சத்தில் எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கான அளவாம். உருப்பெருக்கத்தை லென்ஸ் விட்டத்தால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அது வந்துவிடும். 8×56க்கு 21.2. 20×50க்கு 31.6. அதாவது 7 மி.மீ. ஒளிவட்டம் தரும் கருவியைவிட 2.5 மி.மீ. தரும் கருவி அந்தியில் உசத்தி என்கிறது இந்தக் கணக்கு. கண்ணாடியின் தரமோ பூச்சோ இதில் எங்குமே இல்லை. பக்கத்திலேயே இருக்கும் ரிலேட்டிவ் பிரைட்னஸ் என்பது ஒளிவட்டத்தின் வர்க்கம், 8×42க்கு 27.6. இரண்டையும் தாண்டிப் போங்கள். பெட்டியின் மேல் இருக்கும் எண்களை வைத்து நீங்களே போடக்கூடிய கணக்கைத்தான் சிறப்பம்சம் என்று எழுதியிருக்கிறார்கள்.

பூச்சு விஷயத்தில்தான் சொற்களை எழுத்துக்கூட்டி வாசிக்கவேண்டும். பூச்சே இல்லாத கண்ணாடிப் பரப்பில் படும் ஒளியில் சுமார் 4 சதவீதம் திரும்பிப் போய்விடும். மக்னீசியம் ஃபுளோரைடு ஒற்றைப் படலம் இருந்தால் அது 1.5 சதவீதமாகக் குறையும். பல படலங்கள் இருந்தால் அரைச் சதவீதமோ அதற்கும் கீழோ. ஜெய்ஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் இந்தப் பூச்சு முறையைக் கண்டுபிடித்தார். ஒரு குழாயில் காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் பரப்புகள் பன்னிரண்டு என்று வைத்துக்கொள்வோம். பூச்சே இல்லையென்றால் கண்ணுக்கு வந்துசேர்வது 61 சதவீதம். எல்லாப் பரப்பிலும் ஒற்றைப் படலம் என்றால் 83. எல்லாவற்றிலும் பல படலம் என்றால் 94. இழந்த ஒளி சும்மா போவதில்லை. ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே எதிரொளித்துத் திரிந்து காட்சியின் மேல் வெண்திரைபோலப் படியும். கறுப்பு சாம்பலாகும்.

இப்போது சொற்கள். "கோட்டட்" என்றால் ஏதோ ஒரு பரப்பிலாவது ஒற்றைப் படலம் இருக்கிறது. "ஃபுல்லி கோட்டட்" என்றால் எல்லாப் பரப்பிலும் ஒற்றைப் படலம். "மல்ட்டி கோட்டட்" கேட்க அதைவிடப் பெரிதாக இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு பரப்பில் பல படலம் இருந்தாலே அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். பெரும்பாலும் அது நாம் பார்க்கும் முன் லென்ஸின் வெளிப்பக்கமாக இருக்கும். "ஃபுல்லி மல்ட்டி கோட்டட்", சுருக்கமாக எஃப்.எம்.சி., என்றால்தான் எல்லாப் பரப்பிலும் பல படலம். "ஃபுல்லி" என்ற ஒரு சொல்லை விட்டிருந்தால் அது தட்டச்சுப் பிழையாக இருக்க வாய்ப்பில்லை. சோதிப்பதும் சுலபம். கூரையில் எரியும் ட்யூப்லைட்டின் பிரதிபலிப்பை லென்ஸில் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிம்பங்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பரப்பு. மங்கிய பச்சை, ஊதா என்றால் பல படலம். வெளிர்நீலம் என்றால் பெரும்பாலும் ஒற்றைப் படலம். பளீரென்று வெள்ளையாக ஒன்று தெரிந்தால் அந்தப் பரப்பு மொட்டை. கண் லென்ஸ் பக்கமிருந்தும் பார்க்கவேண்டும், அங்கேதான் மிச்சம் பிடிப்பார்கள்.

"99 சதவீத ஒளி ஊடுருவல்" என்ற வரியைக் கண்டால், எதற்கு 99 என்று கேளுங்கள். ஒரு பரப்புக்கா, பிரிஸத்தின் பூச்சுக்கா, முழுக் கருவிக்கா? முழுக் கருவிக்கு என்றால் உலகின் மிக விலையுயர்ந்தவைகூட அந்த எண்ணைச் சொல்வதில்லை.

ரூபி கோட்டிங் தனி ரகம். முன் லென்ஸ் சிவப்பாக மின்னுகிறது என்றால் சிவப்பு ஒளி உள்ளே போகாமல் திரும்பிவிடுகிறது என்று பொருள். உள்ளே போவது பச்சையும் நீலமும். செம்போத்தின் செங்கல் நிறச் சிறகு அழுக்குப் பழுப்பாகத் தெரியும். மலிவு லென்ஸில் சிவப்பும் நீலமும் ஒரே இடத்தில் குவியாமல் ஓரங்களில் சாயம் கசியும். சிவப்பையே வெட்டிவிட்டால் அந்தக் கசிவு கொஞ்சம் மறையும். அழகைத் தவிர அதன் பயன் அவ்வளவே. பறவை பார்ப்பவர்கள் வாங்கவே கூடாத ஒன்று உண்டென்றால் இதுதான்.

"இரவுப் பார்வை" என்பதும் அப்படியே. எவ்வளவு பெரிய லென்ஸாக இருந்தாலும், ஒரு மரத்தையோ சுவரையோ வெறுங்கண்ணில் தெரிவதைவிட ஒளிமிக்கதாக அதனால் காட்ட முடியாது. பெரிதாகக் காட்டுவதால் விவரம் கூடுதலாகத் தெரியும், அது வேறு. உண்மையான இரவுக் கருவியில் ஒளியைப் பெருக்கும் குழாயோ அகச்சிவப்பு சென்சாரோ இருக்கும். அதற்கு பேட்டரி வேண்டும். பேட்டரி போட இடமில்லாத கருவியில் இரவுப் பார்வை என்ற வரியை அடித்துவிட்டு மீதியை வாசியுங்கள்.

அடுத்து பிரிஸம். முன் லென்ஸ் தலைகீழாகத் தரும் காட்சியை நிமிர்த்துவது இதன் வேலை. தோள்பட்டை விரிந்ததுபோல், முன் லென்ஸ்கள் விலகி நிற்கும் பழைய வடிவம் போரோ. இக்னாசியோ போரோ 1854இல் காப்புரிமை பெற்றது. ஜெய்ஸ் 1894இல் அதை வைத்துப் பைனாகுலர் விற்கத் தொடங்கியது. நேர்க்குழாய் வடிவம் ரூஃப். போரோ கருவிகளின் பெட்டியில் பேக்-4 பிரிஸம் என்று எழுதியிருப்பார்கள்; பேக்-4 என்பது ஒரு கண்ணாடி வகை. இதில் உண்மை இருக்கிறது. பிரிஸம் ஒளியைத் திருப்புவது முழு அக எதிரொளிப்பால். அதற்கான மாறுநிலைக் கோணம் (இதைவிடக் குறைந்த கோணத்தில் விழும் ஒளி கசிந்துவிடும்) சாதாரண பிகே-7 கண்ணாடிக்கு சுமார் 41.2 டிகிரி, பேக்-4க்கு 39.6. முன் லென்ஸிலிருந்து குவிந்து வரும் ஒளிக்கூம்பின் ஓரக் கதிர்கள் பிரிஸத்தின் முகத்தில் 45 டிகிரியிலிருந்து நாலைந்து டிகிரி குறைந்து விழுகின்றன. 40, 40.5 டிகிரியில் வரும் அந்தக் கதிர்களை பேக்-4 திருப்பிவிடும், பிகே-7 கசியவிடும். இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: கை நீட்டிப் பிடித்துப் பார்க்கும் ஒளிவட்டம் முழு வட்டமாக இருந்தால் நல்லது; ஓரங்கள் சாம்பலாகி நடுவில் சதுரம்போல் தெரிந்தால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் பேக்-4 இல்லை.

ரூஃப் கருவியில் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அங்கே பிரிஸத்தின் கூரைபோன்ற விளிம்பில் ஒளி இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி வலம் இடமாகவும் மறு பாதி இடம் வலமாகவும் எதிரொளித்து, மீண்டும் சேர்கிறது. சேரும்போது இரு பாதிகளின் ஒளி அலைகளின் ஏற்ற இறக்கமும் (இதைத்தான் ஃபேஸ் என்பார்கள்) ஒத்துப்போவதில்லை. விளைவு, கூர்மையும் மாறுபாடும் குறையும். அது விளிம்புக்குக் குறுக்கான திசையில் மட்டும் குறைவதால், ஃபோகஸ் சரியாக இல்லையோ என்று திருகைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். இதைச் சரிசெய்யும் ஃபேஸ் கோட்டிங்கை ஜெய்ஸ் 1988இல் கொண்டுவந்தது. இன்று நடுத்தர விலைக் கருவிகளிலேயே அது இருக்கிறது. ஆகவே ஒரு ரூஃப் பைனாகுலரின் விவரத்தில் ஃபேஸ் என்ற சொல் எங்குமே இல்லையென்றால், பூச்சு இல்லை. போரோவில் அந்தச் சொல் இருந்தால் எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை, ஏனென்றால் போரோவுக்கு அது தேவையே இல்லை. வீட்டில் சோதிக்க: கணினித் திரையில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முன் லென்ஸைத் திரைக்கு நேராக வைத்து, கண் லென்ஸுக்குப் பின்னால் போலராய்டு கறுப்புக்கண்ணாடியைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒளிவட்டத்தின் நடுவே கோடு விழுந்து இரு பாதியும் வேறுவேறு அளவில் இருண்டால் ஃபேஸ் பூச்சு இல்லை. அதற்குத் திரை எல்.சி.டி.யாக இருக்கவேண்டும்.

ரூஃபில் இன்னொரு சிக்கல். பெரும்பாலான கருவிகளில் இருக்கும் ஷ்மிட்-பெக்கான் பிரிஸத்தின் ஒரு முகத்தில் முழு எதிரொளிப்பு நடக்காது. அங்கே முகம் பார்க்கும் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பும் கண்ணாடிப்பூச்சு போட்டாகவேண்டும். அலுமினியம் என்றால் 87 முதல் 93 சதவீதம் திரும்பும், வெள்ளி என்றால் 95 முதல் 98, உலோகமே இல்லாத பல படலப் பூச்சான டைஎலக்ட்ரிக் என்றால் 99க்கு மேல். வெள்ளியையும் டைஎலக்ட்ரிக்கையும் பெயர் சொல்லி எழுதுவார்கள். அலுமினியத்தைப் பற்றி யாரும் பெருமையடித்து நான் பார்த்ததில்லை. "உயர் எதிரொளிப்புப் பூச்சு" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்தால் சந்தேகப்படலாம்.

இதனால்தான் குறைந்த விலையில் வாங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை எப்போதும் போரோ. ஃபேஸ் பூச்சும் வேண்டாம், கண்ணாடிப்பூச்சும் வேண்டாம். அதே பணம் லென்ஸுக்குப் போகும். எடுத்துக்காட்டாக நிக்கான் ஆக்‌ஷன் ஈ.எக்ஸ். 8×40. காட்சிப் பரப்பு 8.2 டிகிரி, நீர் புகாது. பதிலுக்கு 855 கிராம் கழுத்தில் தொங்கும், 5 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. பட்டாம்பூச்சி பார்ப்பவர்களுக்கு அது உதவாது. அவர்கள் 2 மீட்டர், அதற்கும் கிட்டே வரும் ரூஃபைத்தான் தேடவேண்டும்.

அதே கருவி அகலம் பற்றிய குழப்பத்துக்கும் நல்ல உதாரணம். 8.2ஐ 8ஆல் பெருக்கினால் கண்ணில் தெரியும் வட்டம் 65.6 டிகிரி. ஐ.எஸ்.ஓ. 14132 தரப்படி டேன்ஜென்ட் வைத்துக் கணக்கிட்டால் 59.7. பொருள் ஒன்று, எண் இரண்டு. நிக்கான் இரண்டாவதை அச்சிடுகிறது. வேறொரு கடைக்காரர் தன் 8.2 டிகிரி கருவிக்கு 65.6 என்று போட்டு "வைட் ஆங்கிள்" என்பார். ஒப்பிடும்போது கண்ணில் தெரியும் வட்டத்தை விட்டுவிட்டு, உண்மைக் காட்சிப் பரப்பை டிகிரியிலோ மீட்டரிலோ ஒப்பிடுங்கள்.

எச்.டி. என்பதற்கு டி.வி.யில் அளவு உண்டு, பைனாகுலரில் கிடையாது. சில நிறுவனங்கள் ஈ.டி. லென்ஸ் உள்ள வரிசைக்கு எச்.டி. என்று பெயரிடுகின்றன; சிலர் சும்மா ஒட்டிவிடுகிறார்கள். ஈ.டி. கண்ணாடி என்பது நிறப்பிரிகை குறைந்த கண்ணாடி, உண்மையான பொருள்தான். ஆனால் எந்த அளவுக்குக் குறைந்தால் ஈ.டி. என்று அழைக்கலாம் என்பதற்குப் பொது வரையறை இல்லை. மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கரிச்சானை வெளிறிய வானப் பின்னணியில் பாருங்கள். உடலின் ஒரு ஓரத்தில் ஊதாவும் மறு ஓரத்தில் மஞ்சள் பச்சையும் படர்கிறதா? காட்சி வட்டத்தின் நடுவில் இல்லாமல் வட்டத்தின் விளிம்பில் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ஐ ரிலீஃப் என்ற எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும்: முழுக் காட்சியும் தெரிய கண் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது அது. 15 மி.மீ.க்குக் கீழே என்றால் காட்சியின் ஓரம் வெட்டுப்படும். 17, 18 வசதி. ஆனால் அந்த எண்ணை லென்ஸின் பரப்பிலிருந்து அளக்கிறார்கள். ரப்பர் வளையத்தை முழுதும் இறக்கினாலும் லென்ஸ் அதற்கு உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் குழிந்திருக்கும். 17 என்று எழுதியது கையில் 14 ஆகலாம்.

நீர் விஷயத்தில் "வாட்டர் ரெசிஸ்டன்ட்" என்றால் தூறலுக்குத் தாங்கும், அவ்வளவே. ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். உள்ளே நைட்ரஜன் நிரப்புவது உட்புறம் பனி படியாமலும் பூஞ்சை எளிதில் வராமலும் இருக்க. நம் கடற்கரை ஊர்களின் ஈரத்துக்கு இது ஆடம்பரம் இல்லை. ஆர்கான் அணு பெரிது, அதனால் கசியாது என்று ஒரு கூற்று உலவுகிறது. வாயுக்கள் ஊடுருவுவதைக் கணக்கிடப் பயன்படுத்தும் விட்டத்தை எடுத்தால் ஆர்கான் 3.40 ஆங்ஸ்ட்ராம், நைட்ரஜன் 3.64. காரியம் வறண்ட வாயுவிலும் ரப்பர் வளையத்திலும் இருக்கிறது, வாயுவின் பெயரில் இல்லை.

"ராணுவத் தரம்" என்பதைப் பச்சை ரப்பர் உறை என்று வாசிக்கலாம். மில்-எஸ்.டி.டி.-810 என்று எண்ணோடு சொன்னாலும், அது வெப்பம், அதிர்ச்சி, தூசி, உப்புக்காற்று எனப் பல சோதனை முறைகளின் தொகுப்பு. எந்தச் சோதனை என்று சொல்லவேண்டும். ஜூம் பைனாகுலரை விட்டு விலகுவது நல்லது: 10 முதல் 30 மடங்கு ஜூம் ஆகும் 50 மி.மீ. கருவி 30இல் தரும் ஒளிவட்டம் 1.7 மி.மீ. ஜூம் கருவிகள் 10 மடங்கிலேயே 4 டிகிரிக்கும் குறைவாகக் காட்டுவது வழக்கம், சாதாரண 10×50 அதே இடத்தில் 6.5 காட்டும். "ஆட்டோ ஃபோகஸ்", "ஃபோகஸ் ஃப்ரீ" என்றால் ஃபோகஸ் திருகே கிடையாது. உங்கள் கண்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். வாசிப்புக் கண்ணாடி போடத் தொடங்கியவர்களின் கண் அதைச் செய்யாது.

பொருள் கைக்கு வந்தபின், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் மூன்றைச் செய்யுங்கள். ஒன்று, முன் லென்ஸின் விட்டத்தை அளந்து, ஒளிவட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டர் ஸ்கேலில் பார்த்து வகுங்கள். உண்மையான உருப்பெருக்கம் வரும். இரண்டு, கண் லென்ஸுக்கு ஒரு சாண் பின்னால் மொபைல் டார்ச்சைப் பிடித்து, முன் லென்ஸுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால் தாள் வைத்து, விழும் ஒளிவட்டத்தை அளங்கள். 42 என்று விற்றது 38ஆக விழுந்தால் உள்ளே ஏதோ ஒரு வளையம் ஒளியை மறிக்கிறது. முதல் கணக்கையும் 38ஐ வைத்தே திருத்திக்கொள்ளுங்கள். மூன்று, தூரத்துக் கட்டடத்தின் மொட்டைமாடி விளிம்பைப் பார்த்தபடி கருவியைக் கண்ணிலிருந்து ஒரு சாண் நகர்த்துங்கள். இரு குழாயிலும் அந்தக் கோடு ஒரே உயரத்தில் இருக்கவேண்டும். ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் குழாய்கள் விலகியிருக்கின்றன. அரைமணி நேரத்தில் தலைவலி வரும்.

அந்த விலகல்தான் பைனாகுலரில் அதிகம் நேரும் பழுது, ஒருமுறை கீழே போட்டால் போதும். "வாழ்நாள் உத்தரவாதம்" என்ற வரிக்கு அடியில் சிறிய எழுத்தில் இருப்பது பல நேரங்களில் தயாரிப்புக் குறைகளுக்கு மட்டுமானது, கீழே விழுந்ததற்கு இல்லை. வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும் என்றும் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் விற்பவரிடம் இரண்டே கேள்வி எழுத்தில் கேளுங்கள்: குழாய் விலகினால் இந்தியாவில் எங்கே சரிசெய்வீர்கள், அனுப்பும் செலவு யாருடையது?